அழுத்திப் பிடிக்கும் வேலை

பழைய காரில் வீல் போல்ட் உடைந்து வந்தால், அதை எடுக்கும் வேலையை நான் உடனே தொடங்குவதில்லை. முதலில் உடைந்த துண்டை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஏன் உடைந்தது என்பது பெரும்பாலும் அந்தச் சிறிய வட்ட முகத்திலேயே தெரிந்துவிடும். ஓர் ஓரத்தில் தொடங்கி வளைவு வளைவாகக் கோடுகள் உள்நோக்கிப் பரவியிருக்கும். அந்தப் பகுதி வழவழப்பாக, பழுப்பேறிக் கிடக்கும். எதிர் ஓரத்தில் மட்டும் புதிதாக உடைந்த எஃகின் சாம்பல் நிறம், சொரசொரப்பாக. இப்படி இருந்தால், விரிசல் நெடுநாள் ஊர்ந்து வந்து, கடைசியில் மிஞ்சிய எஃகு தாங்காமல் அறுந்தது என்று பொருள். உடைந்த இடத்தருகே போல்ட் இழுபட்டு மெலிந்திருந்தால், யாரோ அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்.

போல்ட்டுகள்தாம் வண்டியின் எடையைச் சுமக்கின்றன என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. முடுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை, அது மாட்டப்படும் மையப் பகுதியான ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. எடையும் பிரேக் விசையும் அந்த இரண்டு முகங்களுக்கு இடையிலுள்ள உராய்வின் வழியாகவே பெரும்பாலும் கடந்து போகின்றன. அழுத்தம் குறைந்தால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு நகரும், போல்ட் வளைந்து வளைந்து நிமிரும், விரிசல் பிறக்கும். ஒன்று உடைந்ததும் அதன் பங்கையும் சேர்த்து மற்றவை ஏற்கின்றன. அதனால் உடைந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சக்கரத்தின் அத்தனை போல்ட்டுகளையும் மாற்றச் சொல்வேன், இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜப்பானியக் கார்கள் பலவற்றில் ஹப்பின் பின்புறமிருந்து அழுத்திப் பொருத்திய ஸ்டட் எனும் மரைத் தண்டும், அதன் மேல் முடுக்கும் நட்டும் இருக்கும். அங்கே வேலை எளிது. பிரேக் டிஸ்க்கையோ டிரம்மையோ கழற்றி, ஹப்பைச் சுழற்றிப் பின்னால் இடம் கிடைக்கும் கோணத்துக்குக் கொண்டுவந்து, பழைய ஸ்டட்டைத் தட்டி வெளியேற்றி, புதியதை உள்ளே இழுத்து அமர்த்தினால் போதும்.

ஜெர்மன் கார்களில் போல்ட் நேராக ஹப்பின் மரைக்குள் இறங்குகிறது. உடைந்தால் மிச்சம் உள்ளேயே நின்றுவிடும். பார்ப்பவர்கள் பதறும் இடம் இது. ஆனால் தலை போனவுடன் இழுப்பும் போய்விட்டது, மிஞ்சிய துண்டைப் பிடித்திருப்பது துருவும் அழுக்கும்தான். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, அது உள்ளே இறங்கப் பொறுத்திருந்தால், சில துண்டுகள் கூர்மையான உளியால் ஓரத்தில் மெல்லத் தட்டியே திரும்பிவிடும். அடங்காவிட்டால் நடு மையத்தில் பஞ்ச் வைத்து, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளையிடுவேன். துளையிடும்போதே துண்டு பிட்டைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியே வருவதும் உண்டு. துண்டு ஹப்பின் முகத்துக்குச் சமமாக நின்றால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வது இன்னும் நல்லது. பிடிக்க இடமும் கிடைக்கிறது, வெப்பத்தில் துருவும் விடுகிறது. பக்கத்தில் பேரிங் சீல் இருப்பதால் சூடு நீளக்கூடாது. ஈஸி-அவுட் எனப்படும் திருகு கருவியை நான் கடைசியாகத்தான் தொடுவேன். அது உள்ளே முறிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண டிரில் தொடவே தொடாது.

துண்டு வந்த பிறகு மரையைத் துடைத்து, மரை வெட்டும் கருவியான டேப்பில் சரியான அளவுள்ளதைக் கையால் இறக்க வேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் மரை இடைவெளி 1.5 ஆகவும் இருக்கலாம், 1.25 ஆகவும் இருக்கலாம். மாற்றி விட்டால் முதல் இரண்டு சுற்று ஏமாற்றும், அப்புறம் ஹப் பாழ். புதிய போல்ட் விரல் பலத்திலேயே கடைசி வரை இறங்க வேண்டும். மரை அறுந்திருந்தால், புதிய மரையாகக் கம்பிச் சுருள் செருகி ஒப்பேற்றுவதைவிட ஹப்பையே மாற்றுவது என் வழக்கம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 1970 வரையிலான கிரைஸ்லர் கார்கள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் முடுக்கும் மரை. ஸ்டட்டின் நுனியில் ‘எல்’ என்ற எழுத்து இருக்கும். அதைக் கவனிக்காமல் கழற்றுவதாக நினைத்து முடுக்கி உடைத்த ஸ்டட்டுகள் ஏராளம்.

இனி ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் தட்டு. பழைய காரின் சக்கரம் உள்ளே ஒடுங்கித் தெரிகிறது, கொஞ்சம் வெளியே வந்தால் அழகு என்று கேட்பவர்கள் அதிகம். அந்த ஆசையை நான் தவறென்று சொல்ல மாட்டேன். “வெறும் ஐந்து மில்லிமீட்டர்தானே, என்ன வந்துவிடும்?” என்று ஒருவர் கேட்டார். “சார், உங்கள் ஸ்டட்டில் நட் இப்போது எட்டுச் சுற்று பிடிக்கிறது. மரை இடைவெளி 1.5. ஐந்து மில்லிமீட்டர் போனால் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும், ஐந்துகூட மிஞ்சாது” என்றேன். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ, மரைப் பிடிப்பின் நீளமும் குறைந்தது அவ்வளவு இருக்க வேண்டும். நீளமான ஸ்டட்டுகளைப் போட்டுத்தான் அந்தக் காரை அனுப்பினேன்.

போல்ட் வண்டியில், ஸ்பேசரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளம் கூடிய போல்ட் வேண்டும். அளவுக்கு மீறி நீண்டால் அதுவும் ஆபத்து. பின்சக்கரப் பிரேக் டிரம்முக்குள் நுனி நீட்டி பிரேக் ஷூவில் உரசும். சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக் காது கொடுத்துக் கேட்காமல் நான் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்குவதில்லை. போல்ட்டின் அமர்விடம் கூம்பா, உருண்டையா என்பதையும் பார்க்க வேண்டும். கூம்புக் குழியில் உருண்டைத் தலை மெல்லிய கோடாக மட்டுமே தொடும், அழுத்தம் நிற்காது.

சக்கரத்தின் நடுத்துளையும் அப்படியே, அளவு பார்க்க வேண்டும். பழைய ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் 57.1, பிஎம்டபிள்யூ பலவற்றில் 72.6 மில்லிமீட்டர். ஸ்பேசரின் உள்துளை ஹப்பின் விளிம்பில் கச்சிதமாக அமராவிட்டால் சக்கரம் மையம் விலகி, ஸ்டீயரிங் நடுங்கும். ஹப்பின் முகத்தில் துருச் செதில் ஒன்று விட்டுப்போனாலும், ஓடும்போது அது நசுங்கி அழுத்தம் இறங்கும். அதனால் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும் வரை தேய்ப்பதில் நேரம் பார்ப்பதில்லை. மரையில் கிரீஸ் தடவ மாட்டேன். உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில் கிரீஸ் போட்ட போல்ட்டை முடுக்கினால், அது தேவைக்கு மேல் இழுபடும். இரண்டு ஸ்பேசர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னால் செய்ய மறுத்துவிடுவேன். சக்கரத்தின் அகலத்தின் நடுவிலிருந்து, ஹப்போடு சேரும் முகம் தள்ளியிருக்கும் தூரத்தை ஆஃப்செட் என்போம். 15 மில்லிமீட்டர் ஸ்பேசரே 38 மில்லிமீட்டர் ஆஃப்செட்டை 23 ஆக்கிவிடுகிறது. அதற்குமேல் போனால் பேரிங்கும் ஸ்டீயரிங்கும் படும் பாடு எனக்குத் தெரியும்.

டார்க் ரெஞ்சால் குறுக்கு வரிசையில் முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி வரச் சொல்வேன். பழைய குட்டைப் போல்ட்டுகளைத் தூக்கி எறிய விடமாட்டேன். வழியில் பஞ்சராகி, ஸ்பேசரை எடுத்துவிட்டு ஸ்டெப்னி மாட்டினால், நீண்ட போல்ட் அங்கே பொருந்தாது. பழையவற்றில் விரிசலோ மரைத் தேய்மானமோ இல்லையென்று பார்த்து, பையில் போட்டு, எதற்கென்று எழுதி, ஸ்டெப்னியோடு கட்டி வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.