சித்தப்பாவின் கண்ணும் இரும்புத் தூளும்

ஓசூரில் இருபது வருஷம் லேத் பட்டறையில் நின்றவர் எங்கள் சித்தப்பா. இடது கண்ணில் நிழல் மறைக்கிறது என்றார், பார்த்தால் விழித்திரைக்கு அடியில் ஒரு கட்டி. முதலில் இமைமேல் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், அப்புறம் பெங்களூருவில் எம்ஆர்ஐ, அதாவது பெரிய காந்தத்தை வைத்து எடுக்கும் ஸ்கேன். ஸ்கேன் அறை வாசலில் முதல் கேள்வியே, "கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் பட்டிருக்கா?" பட்டறைக்காரரிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனால் துகள் உள்ளே தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துக் கண்ணையே சேதப்படுத்திவிடும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தோலுக்கு நிறம் தருகிற அதே மெலனின்தான் மெலனோமா என்கிற நிறமிச் செல் புற்றுக்கட்டியை எம்ஆர்ஐயில் காட்டிக்கொடுக்கிறது. டி1, டி2 என்று இரண்டு விதமாகப் படம் எடுப்பார்கள்; அந்தக் கட்டி டி1 படத்தில் வெளுப்பாகவும் டி2வில் கறுப்பாகவும் தெரியும் (நிறமி குறைந்த கட்டிகளில் இது அவ்வளவாகத் தெரியாது). படத்தைத் துலக்கிக் காட்டும் கடோலினியம் மருந்து ஏற்றினால் கட்டி பளிச்சிடும், விழித்திரை பிரிந்து தேங்கிய நீர் பளிச்சிடாது. குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவில், கதிர்வீச்சு வேண்டாமென்று சிடி ஸ்கேனைத் தவிர்த்து எம்ஆர்ஐதான் எடுக்கிறார்கள், பார்வை நரம்புக்குப் பரவியிருந்தாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கண்ணை அசைக்காமல் கிடப்பதுதான் சித்தப்பாவுக்குப் பெரும்பாடு. வெளியே வந்ததும், "லேத்தே தேவலைடா, என்னா சத்தம்" என்றார்.