கறுப்பு முகம் கறுப்பாகவே இருக்கட்டும்

ஒவ்வொரு தை மாதமும் மும்பை தாராவியின் 90 அடி சாலையில் எங்கள் பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைப்பதைப் போனில் படம் பிடிக்கிறேன். எடிட்டிங் எல்லாம் பக்கத்து சயானில் வீட்டு ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான். 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, லாமிங்டன் ரோட்டில் வாங்கிய ஒரு எஸ்எஸ்டி. மென்பொருள், வீடியோவை வெட்டி ஒட்டவும் நிறம் திருத்தவும் உதவும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு.

"சினிமாக்காரங்க சாப்ட்வேர் வீட்டு மெஷின்ல ஓடுமா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஓடும். ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டுமே இருந்த டாவின்சியை 2009ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. 2011ல் இலவசப் பதிப்பும் வந்தது.

ஓடும்போது மெஷின் திணறுவது பெரும்பாலும் போன் வீடியோவால். போன்கள் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஹெச்.264, ஹெச்.265 வகைக் கோப்புகளில் எல்லா பிரேமும் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படம்) முழுப் படமாக இருக்காது. அங்கங்கே ஒன்று முழுசாக இருக்கும்; மற்றவற்றில் என்ன மாறியது என்பது மட்டும் பதிவாகியிருக்கும். டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், நீங்கள் ஒரு இடத்தில் நிறுத்தினால், அந்த ஒரு பிரேமைக் காட்ட கம்ப்யூட்டர் முன்னும் பின்னும் உள்ள பிரேம்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் பாடு.

இதற்கு வழி பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் செய்துகொள்ளும் லேசான நகல். கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா' கொடுங்கள். நான் பாதி அளவு, டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற எடிட்டிங்குக்கான கோப்பு வகை என்று வைத்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு பிரேமும் தனியாக முழுசாக இருப்பதால் டைம்லைன் தடங்கலில்லாமல் நகரும். இடம் நிறையப் பிடிக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும் டெலிவர் பக்கத்தில் பிராக்ஸியைப் பயன்படுத்தச் சொல்லாதவரை அசல் கோப்பிலிருந்துதான் படம் வெளியாகும், தரம் குறையாது. புது மெஷினுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

நான் இவ்வளவு மெனக்கெடுவது ரிசால்வில் நிறம் திருத்தும் கலர் பக்கத்துக்காக. அக்கா கல்யாண வீடியோவில் எங்கள் அத்தை சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து வந்தார். எடிட் செய்தவர்கள் அதை ஒரு மரியாதையாக நினைத்துச் செய்தார்கள். எனக்கு இன்றும் அதைப் பார்க்கக் கோபம் வருகிறது. வெயிலில் நின்று உழைத்த அந்த நிறம்தானே அத்தை?

ரிசால்வில் படத்தின் நிறங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று காட்டும் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு வட்டம் இருக்கிறது. அதன் அமைப்பில் தோல் நிறத்துக்கான கோட்டைக் காட்டச் சொல்லலாம். கறுப்போ மாநிறமோ சிவப்போ, மனிதத் தோலின் சாயல் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவது வெளிச்சத்தின் அளவு. அதை வேவ்பார்ம் என்ற வெளிச்ச வரைபடத்தில் பார்க்கலாம். ஆக, முகம் பச்சையடித்தாலோ நீலம் பாய்ந்தாலோ திருத்த வேண்டியது சாயலைத்தான். கறுப்பு ஒரு கோளாறே இல்லை.

பொங்கல் காட்சிகளில் வெயில் பின்னால் இருக்கும், பானையிலிருந்து ஆவி எழும், முகம் இருண்டுபோகும். அப்போது முழுப் படத்தையும் வெளிச்சமாக்கக் கூடாது. புது நோடு (ஒரு திருத்தத்துக்கான தனிக் கட்டம்) போட்டு, முகத்தைச் சுற்றி ஒரு பவர் விண்டோ, அதாவது திருத்தம் விழ வேண்டிய எல்லை, வரைந்து, டிராக்கரை ஓடவிடுங்கள்; முகம் அசைய அசைய விண்டோவும் கூடவே போகும். உள்ளே காமாவை, அதாவது நடுத்தர வெளிச்சத்தை, மட்டும் லேசாக ஏற்றினால் கண்ணும் மூக்குத்தியும் தெரியும். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆனால் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இதெல்லாம் இலவசப் பதிப்பிலேயே உண்டு. இரவுக் காட்சிகளில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸைக் குறைக்கும் வசதிக்குத்தான் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும். 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும். நான் இன்னும் வாங்கவில்லை.

அப்புறம் இரண்டு விஷயம். போன் வீடியோவில் பிரேம் ரேட் (ஒரு நொடிக்கு எத்தனை பிரேம் என்பது) ஏறி இறங்குவதால் சில சமயம் குலவைச் சத்தமும் வாயசைவும் விலகிப்போகும். முதலிலேயே ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள். முடித்த படத்தை ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அப்போதுதான் அது அமுக்கப்படாமல், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த நிறத்தோடு திருநெல்வேலிக்குப் போய்ச் சேரும்.