பத்து ஆண்டுகள் புரட்டிப் படுக்க வைத்தவர்கள்

வடக்கு வியட்நாமில் மான் பாக் என்றொரு பழைய புதைகாடு இருக்கிறது. 2007இல் அங்கே தோண்டியபோது ஓர் இளைஞனின் எலும்புக்கூடு கிடைத்தது. ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் பழையது. சுற்றிலும் இருந்தவர்களை எல்லாம் மல்லாக்க நீட்டிப் புதைத்திருந்தார்கள். இவன் மட்டும் கருவில் இருக்கும் குழந்தை மாதிரி கைகால் மடங்கி ஒருக்களித்துக் கிடந்தான். எலும்புகள் குச்சியாக மெலிந்திருந்தன. கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் பிறவிக் கோளாறு அவனுக்கு. லோர்னா டில்லியும் மார்க் ஆக்ஸன்ஹாமும் அந்த எலும்புகளை ஆராய்ந்து சொன்னது இது: பதின்பருவத்தில் இடுப்புக்குக் கீழே முழுசாக முடங்கிவிட்டான், கைகளும் அதிகம் உதவியிருக்காது, ஆனாலும் அதற்கப்புறம் சுமார் பத்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறான். உலோகம் அறியாத மக்கள் அவர்கள். மீன் பிடித்து, வேட்டையாடி, பன்றி வளர்த்துப் பிழைத்தவர்கள்.

பத்து ஆண்டுகள் என்ற சொல்லைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. என் தம்பிக்கு விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. தோளுக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது. நானும் அம்மாவும் முறை வைத்து அவனைப் பார்த்துக்கொள்கிறோம். அதனால் அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் என்னென்ன இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும்தான். அசையாத உடம்பில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடமெல்லாம் ஆபத்து: வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால். முதலில் தோல் லேசாகச் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். விட்டால் சதையைத் தின்று எலும்பு வரைக்கும் போகும். அப்புறம் சிறுநீர். தம்பிக்குக் குழாய் போட்டிருக்கிறோம். அந்தக் குழாய் மடங்கி அடைத்துக்கொண்டால், கழுத்தில் அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று எகிறிவிடும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று அவன் சொன்னால் முதலில் குழாயைத்தான் பார்ப்பேன். சளியைத் தானாக இருமித் துப்ப முடியாது, வயிற்றுக்கு மேலே கைவைத்து அழுத்தி இருமலுக்குத் துணை செய்ய வேண்டும். மடங்கிய மூட்டுகள் இறுகிவிடாமல் தினமும் நீட்டி மடக்க வேண்டும். எங்களிடம் காற்று மெத்தை இருக்கிறது, ஆன்டிபயாடிக் இருக்கிறது, போன் செய்தால் எடுக்கிற மருத்துவர் இருக்கிறார். இத்தனையும் இருந்தும் சில வாரங்கள் மூச்சு முட்டிவிடும்.

மான் பாக்கில் இதில் எதுவும் இல்லை. கைகள் மட்டும் இருந்தன. ஒருத்தரால் தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை இது, அதை நான் உறுதியாகச் சொல்வேன். ஒருவர் வேட்டைக்குப் போனால் இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படியே பத்து மழைக்காலம்.

மனிதனை மற்ற விலங்குகளிலிருந்து பிரிப்பது எது என்ற கேள்விக்குக் கருவி, நெருப்பு, மொழி என்று பள்ளியில் படித்தோம். சிம்பன்சிகள் குச்சியை ஒடித்துப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடிப்பதை ஜேன் குடால் 1960இல் பார்த்ததிலிருந்து கருவி என்ற பதில் ஆட்டம் கண்டுவிட்டது. அந்த விவாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஈராக்கின் ஷானிடார் குகையில் கிடைத்த, அழிந்துபோன நியாண்டர்தால் இனத்து மனிதர்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். குறைந்தது 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். சிறு வயதில் முகத்தில் பலமான அடி, இடது கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லவே இல்லை. காது துவாரத்தில் எலும்பு வளர்ந்து கேட்கும் திறனும் குறைந்திருக்க வேண்டும் என்று 2017இல் ஒரு ஆய்வு சொன்னது. அப்படியும் நாற்பது வயதைத் தொட்டிருக்கிறார். அந்தக் காலத்துக்கு அது கிழவயது. போர்னியோவில் லியாங் டெபோ குகையிலிருந்து 2022இல் வெளியான செய்தி இன்னும் வியப்பு. 31,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பிள்ளையின் இடது காலைக் கணுக்காலுக்கு மேலே அறுத்து எடுத்திருக்கிறார்கள். எலும்பு சுத்தமாக ஆறியிருக்கிறது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஆறிலிருந்து ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அறுத்தவர் யாராக இருந்தாலும், ரத்தத்தை நிறுத்தியவர், புண்ணைக் கழுவியவர், மலைப்பாங்கான இடத்தில் ஒற்றைக்காலோடு கூட்டிக்கொண்டு திரிந்தவர் என்று ஒரு கூட்டமே அதன் பின்னால் இருந்திருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பும் உண்டு. கேத்தரின் டெட்வைலர் என்ற மானிடவியலாளர் 1991இல் எழுதினார்: எலும்பை வைத்து ஒருவர் உயிர் பிழைத்தார் என்று சொல்லலாம், அவரை அன்பாக நடத்தினார்கள் என்று சொல்ல முடியாது. சரிதான். ஆனால் அன்பு இருந்ததா என்ற கேள்வியை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நடுராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும்போது எனக்குள் எந்த உணர்ச்சியும் இருப்பதில்லை. எழுந்து போய்ப் புரட்டுகிறேன். திட்டிக்கொண்டே புரட்டிய ராத்திரிகளும் உண்டு. தோல் சிவக்கவில்லை என்பதுதான் அந்த ராத்திரியின் கணக்கு. மான் பாக்கிலும் சலித்துக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள், சலித்துக்கொண்டே தூக்கியிருப்பார்கள்.

இது மனிதர்களுக்குத் தானாக வந்துவிடும் குணம் என்று நான் நம்பவில்லை. 1930களின் ஜெர்மனியில் பள்ளிக் கணக்குப் பாடத்தில், மனநோயாளிக்கும் ஊனமுற்றவருக்கும் அரசு எவ்வளவு செலவு செய்கிறது, அந்தப் பணத்தில் வேறு என்னென்ன செய்யலாம் என்று கேள்வி வைத்தார்கள். 1939இல் இப்படிப்பட்ட நோயாளிகளைக் கொல்ல அனுமதிக்கும் உத்தரவில் ஹிட்லர் கையெழுத்திட்டார். படிவங்கள் மருத்துவமனைகளுக்குப் போயின. நோயாளி என்ன வேலை செய்யக்கூடியவர் என்ற கேள்வி அதில் இருந்தது. யார் சாக வேண்டும் என்று படித்த மருத்துவர்கள் உட்கார்ந்து குறி போட்டார்கள். 1941 ஆகஸ்டுக்குள் ஆறு நிலையங்களில் 70,000 பேருக்கு மேல் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். எழுத்து, அறிவியல், சட்டம், மருத்துவம் என்று எல்லாம் கையில் இருந்த சமூகம். நாகரிகம் வளர வளர இரக்கமும் வளரும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு காலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

இதையெல்லாம் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அக்கா, தூக்குனவங்களைப் பத்தியே எழுதியிருக்க. அந்த மான் பாக் பையன் என்ன பண்ணான்?" என்றான்.

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் எந்த மருந்து எப்போது தீரும் என்பதிலிருந்து யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது வரை நினைவில் வைத்திருப்பவன் தம்பிதான். எனக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்பவனும் அவன்தான். இதில் எதுவும் அவன் எலும்பில் பதியாது.

எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றி அவனுக்கு முன்பே தெரியும். 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே முடங்கியவர், மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் படுத்துத் தூங்கியவர். வேலை செய்ய முடியாத அளவுக்கு ஊனம் என்று சொல்லி கலிஃபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை அவருக்கு உதவ மறுத்தது. 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972இல் ஊனமுற்றோரே நடத்தும் சுயவாழ்வு மையத்தை நண்பர்களோடு அங்கே தொடங்கினார். 1975இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநரானார். பெர்க்லியில் சேர்ந்தபோது ராபர்ட்ஸுக்கு வயது 23. மான் பாக் இளைஞன் இறந்ததும் இருபதுகளில்தான்.

வாழ வேண்டும் என்ற பிடிவாதம் அவனிடம் இருந்திருக்க வேண்டும், சுற்றி இருந்தவர்களுக்கு அவனைப் பிடித்திருக்க வேண்டும் என்று டில்லி கருதுகிறார். தம்பிக்கு அது போதவில்லை. பிடிவாதம் சரி, அவனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்கிறான்.