குதிரைக்கு மணலால் வயிற்று வலி: நாங்கள் சமாளித்த விதம்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். காலையில் எங்கள் பெண்குதிரை கொள்ளைத் தொடவே இல்லை. முன்னங்காலால் தரையைக் கீறியது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தது, படுத்து உருளப் போனது. லத்தியும் போடவில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தா, மாட்டுக்குச் செய்வதுபோல் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றச் சொன்னார். போனில் டாக்டர், "வாயில எதுவும் ஊத்தாதீங்க தம்பி, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும்" என்று தடுத்துவிட்டார்.

வந்ததும் நாடி பார்த்தார். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டிய இதயம் 60-ஐத் தாண்டியிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை அடிவயிற்றில் வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். அலை திரும்பும்போது கரையில் மணல் அரைபடுமே, அதே சரசரப்பு.

மூக்கு வழியாக ட்யூப் விட்டு, உள்ளே தேங்கியது ஏதாவது வெளியே வருகிறதா என்று முதலில் பார்த்தார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கம். இத்தனை பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான். அது நிரம்பி வீங்கினால் வெடித்தே போகும். நல்ல வேளை, எதுவும் வரவில்லை. வலிக்கு ஊசி போட்டுவிட்டு, அதே ட்யூபில் மலம் இளக இசப்கோல் உமியும் எப்சம் உப்பும் தண்ணீரில் கலந்து செலுத்தினார்.

மாட்டுக்குப் புல் நொதிப்பது முன்னால், வயிற்றிலேயே. குதிரைக்கு அது சிறுகுடலைத் தாண்டி, சீக்கத்திலும் (பெருங்குடல் தொடங்கும் இடத்தில் உள்ள பெரிய பை) பெருங்குடலிலும்தான். பெருங்குடல் மடிந்து கிடப்பதால் கனமான மணல் கீழ் மடிப்பில் தங்கிவிடுகிறது. இடுப்புப் பக்கம் வளையும் இடத்தில் குடல் சட்டென்று குறுகும். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான். மணல் தரையில் போட்ட புல்லோடு அத்தனையும் உள்ளே போயிருக்கிறது.

மறுநாள் லத்தி போட்டதும் சில உருண்டைகளைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடியில் விரல் கனத்துக்கு மணல்! மணல் படியாவிட்டாலும் உள்ளே இல்லை என்று நம்பிவிடக் கூடாது என்றார் டாக்டர்.

முதலில் நனைத்த புல் மட்டும், கைப்பிடி கைப்பிடியாக. கொள்ளை நாள் கடத்தித்தான் சேர்த்தோம். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் குடல் நுண்ணுயிர்கள் தாங்காது. இப்போது ரப்பர் பாய் விரித்து, அதன்மேல் தொட்டியில்தான் புல். மாதாமாதம் லத்தியைக் கரைத்துப் பார்க்கிறோம். மணல் தெரிந்தால் டாக்டரைக் கேட்டு இசப்கோல் கொடுக்கிறோம்.