ஒரு ‘ஓ’ எழுத்தால போன பதினொரு நாள்: லெலோங் காடி எடுத்த கதை

லெலோங்ல, அதாவது ஏலத்துல, எடுத்த காடி (கார்) இப்போ என் பேர்ல, வீட்டு வாசல்லதான் நிக்குது. ஆனா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி யாராவது வந்து “லெலோங்ல மலிவா அடிச்சிட்டியாமே”ன்னு கேட்டிருந்தா நானே அடிச்சிருப்பேன். கோவம் இன்னும் முழுசா அடங்கல, அதனால கொஞ்சம் புலம்பலாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

என்கிட்ட இருந்தது ஒரு பழைய புரோட்டோன் வீரா. பாகான் டாலாம்ல இருந்து பாயான் லெப்பாஸ் பேக்டரிக்கு தினம் பெனாங்கு பாலம் ஏறி இறங்கின காடி, கியர்பாக்ஸ் போனதும் போமன் (மெக்கானிக்) கையெடுத்து கும்பிட்டுட்டான், “அண்ணே, இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க”ன்னு. பழைய இரும்புக்குக் கொடுத்தாச்சு. செகண்ட் ஹேண்ட் கடையில 2018 பெரோடுவா மைவி 1.3 கேட்டா 33,000 வெள்ளி (ரிங்கிட்), 34,000 வெள்ளிங்கிறான். லோன் போட இஷ்டமில்ல. கையில ஏஎஸ்எம் சேமிப்பு நிதியில கொஞ்சம், ஈபிஎஃப் (சேமநிதி) அக்கவுண்ட் 3ல கொஞ்சம் இருந்துச்சு. அப்பதான் மச்சான் சொன்னாரு, லோன் கட்டாதவங்ககிட்ட இருந்து பேங்க் இழுத்த காடிய எல்லாம் லெலோங் விடுறாங்க, ஜூரு பக்கம் ஒரு யார்ட் இருக்கு, போய்ப் பாருங்கன்னு.

முதல் தடவை போனது சுத்தமா வேஸ்ட். டெபாசிட்டுக்கு 2,000 வெள்ளி பேங்க் டிராஃப்ட் கேட்டாங்க, நானும் அரை நாள் லீவு போட்டு, டிராஃப்ட் எடுத்து, சட்டை எல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு டிராஃப்ட்ட ஒரு பார்வை பாத்துச்சு, தலைய நிமிர்த்தவே இல்ல, “தாக் போலே” (முடியாது). நான் லெலோங் கம்பெனி பேர்ல எடுத்திருக்கேன், அது காடிய இழுத்த பேங்க் பேர்ல இருக்கணுமாம். காடிங்க லிஸ்ட்ல கடைசி பக்கத்துல எறும்பு மாதிரி எழுத்துல அது இருந்துச்சு, நான்தான் பாக்கல. ஒரே யார்ட்ல நாலஞ்சு பேங்க் காடி நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பேர்ல டிராஃப்ட் வேணும், அதனால எந்த காடின்னு முடிவு பண்ணிட்டு அப்புறமா பேங்குக்குப் போங்க. நான் கண்ணு வெச்ச பெஸ்ஸா காடி என் கண்ணு முன்னாலயே 19,000க்குப் போச்சு. பின்னாடி சுவத்துல சாஞ்சு நின்னு பாத்துட்டு வந்தேன்.

அடுத்த தடவை உஷாரா போனேன். லெலோங்குக்கு முன்னாடி ரெண்டு நாள் காடிய பாக்க விடுவாங்க. வெயில்ல வரிசையா நிக்கும், எல்லாம் தூசி, பாதிக்கு மேல பேட்டரி செத்தது. பேட்டரி செத்தா மீட்டர் எரியாது, மீட்டர் எரியலேன்னா எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னே தெரியாது, இத யோசிக்காமலே நிறைய பேர் விலை கேக்குறாங்க. நான் போமன்கிட்ட ஜம்ப் ஸ்டார்ட்டர் இரவல் வாங்கிட்டுப் போயிருந்தேன். ஜாகா (காவல்கார) அங்கிள் நம்மாளுதான், “ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க தம்பி, ஆனா ஓட்டக்கூடாது, ஒரு அடி நகந்தாலும் என் வேலை போயிடும்”னாரு. இந்த தடவை நான் கண்ணு வெச்ச மைவிக்கு ஒரே ஒரு சாவி, அதோட பேட்டரியும் காலி. நல்லவேளை, சாவிய ஸ்டார்ட் பட்டன்மேல ஒட்டி வெச்சு அமுக்கினா எடுக்கும்னு போமன் சொல்லி அனுப்பியிருந்தான். எடுத்துச்சு. 1,12,000 கிலோமீட்டர், இன்ஜின் சத்தம் சுத்தம், ஏர்கோன் சில்லுனு வருது. டயர் நாலும் மொட்டை, முன் பம்பர் விரிசல்.

பெனாங்குல காடி எடுக்கிறவங்க வெள்ளத்த மறக்கக்கூடாது. 2017 நவம்பர்ல பட்டர்வொர்த்துல எங்க சித்தப்பா காடி கண்ணாடி வரைக்கும் முங்கினத நேர்ல பாத்தவன் நான், அத கழுவி பாலிஷ் போட்டு வித்தா யாருக்கும் தெரியாது. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு கறை அடியிலதான் இருக்கும். ஸ்பேர் டயர தூக்கிப் பாருங்க, சீட்டு ரயில்ல துரு இருக்கான்னு பாருங்க. இந்த மைவியில அப்படி ஒண்ணும் இல்ல. இவ்வளவு பாக்கச் சொல்றது ஏன்னா, லெலோங்ல ‘அஸ் இஸ் வேர் இஸ்’ (எப்படி நிக்குதோ அப்படியே), வாங்கின பிறகு நீ அழுதாலும் உருண்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

லெலோங் அன்னிக்கு நடந்தது சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. ரிசர்வ் (ஆரம்ப விலை) 21,000, ஒரு கைக்கு 500 ஏறும். பின் வரிசையில டீலருங்க உக்காந்து கச்சான் கொறிச்சிக்கிட்டு இருந்தாங்க, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எனக்கு கையெல்லாம் வேர்வை. ஒரு சீன தவுக்கே (முதலாளி) மட்டும் என்கூட 23,500 வரைக்கும் வந்தாரு, நான் 24,000ன்னு பலகைய தூக்கினதும் திரும்பி என்ன ஒரு பார்வை பாத்து சிரிச்சிட்டு கைய கட்டிக்கிட்டாரு. அந்த சிரிப்புதான் ரெண்டு நாள் தூங்க விடல. மச்சான் சொன்ன கணக்கு வேற: டீலர் எடுத்தா அதுமேல லாபம் வெச்சு விக்கணும், அவன் வந்த விலைக்கு மேல நீ 500தான் போட்டிருக்க, பயப்படாத. டீலருங்க யாருமே கை தூக்காத காடிக்குத்தான் பயப்படணுமாம்.

மீதி காச 7 வேலை நாளுக்குள்ள கட்டணும். லோன் போடலாம்னு நினைக்கிறவங்க இத நல்லா யோசிங்க, யூஸ்டு காருக்கு லோன் பாஸ் ஆகி, அதுக்கு பி7ங்கிற லோன் காடி இன்ஸ்பெக்ஷன் வேற முடிச்சு, ஏழு நாளுக்குள்ள காசு வரலேன்னா டெபாசிட் போச்சு. நான் நாலாம் நாளே கட்டிட்டேன். பேங்க் லெட்டர், ரசீது, சாவி எல்லாம் ஒரு பழுப்பு கவர்ல கொடுத்தாங்க. அந்த கவர அங்கேயே பிரிச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சிருக்கணும். படிக்கல.

காடிய கழுவும்போது டேஷ்போர்டுல ஒரு சின்ன முருகர் சிலை, பசை போட்டு ஒட்டினது. பின் சீட்டு இடுக்குல ஒரு குழந்தையோட ஒத்த செருப்பு, விபூதி பொட்டலம். மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 1967 ஹையர் பர்ச்சேஸ் சட்டப்படி ரெண்டு மாசம் தொடர்ந்து கட்டலேன்னா 21 நாள் நோட்டீஸ், இழுத்த பிறகு இன்னொரு 21 நாள், அதுக்குள்ள கட்டினா திருப்பி எடுத்துக்கலாம். 75 விழுக்காட்டுக்கு மேல கட்டியிருந்தா கோர்ட் ஆர்டர் இல்லாம இழுக்கவே முடியாது. அந்த மனுஷன் இதெல்லாம் தாண்டியும் முடியாமத்தான் விட்டிருப்பான். மனைவி சிலைய எடுக்க விடல. “அவரு இருந்துட்டுப் போகட்டும், அவரு என்ன செஞ்சாரு”ன்னா.

சரி, பேப்பர் வேலைக்கு வருவோம். ரோட் டேக்ஸ் இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, அதனால காடிய ரோட்ல ஓட்ட முடியாது, பேர் மாத்துறதுக்கான பி5 இன்ஸ்பெக்ஷனுக்கு புஸ்பாகோம் (காடி சோதனை நிலையம்) கொண்டு போகவும் டோ லோரிதான் (காடிய இழுத்துட்டுப் போற லோரி). யார்ட்ல இருந்து வீட்டுக்கு 150, இன்ஸ்பெக்ஷனுக்கு போய்வர 200. முதல் தடவை பெயில். முன் கதவு கண்ணாடி டிண்ட் கருப்பு. 2019ல இருந்து பின்னாடி எவ்வளவு கருப்பா வேணாலும் ஒட்டிக்கலாம், ஆனா முன் கண்ணாடி 70 விழுக்காடும், முன் கதவு கண்ணாடி 50 விழுக்காடும் வெளிச்சம் விடணும். எனக்கு இந்த ரூல் தெரியும், தெரிஞ்சும் பாக்கல, பழைய ஓனர் ஒட்டினது நம்ம தலையிலதானே விடியும்னு யோசிக்கல. கிழிச்செறிய 80 வெள்ளி, மறுபடியும் டோ 200. பாஸ்.

அடுத்து இன்சூரன்ஸ். வாங்குறவன் பேர்ல கவர் நோட் இல்லாம பேர் மாத்த முடியாது, அதனால முன்கூட்டியே எடுத்தேன். என்சிடி, அதாவது கிளைம் பண்ணாம இருந்தா கிடைக்கிற இன்சூரன்ஸ் தள்ளுபடி, காடிக்கு இல்ல, ஆளுக்குத்தான், வீராவோட 55 விழுக்காட்ட அப்படியே மைவிக்கு மாத்திக்கிட்டேன். இந்த ஒரு இடத்துலதான் எனக்கு சிரிப்பு வந்துச்சு.

அப்புறம் பேர் மாத்த செபராங் ஜெயா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா). நம்பர் எடுத்து, ஐசி கொடுத்து, கட்டைவிரல் வெக்கப் போற நேரம். கவுண்டர்ல இருந்த கக் (மலாய் அக்கா) ரொம்ப நல்லவங்க, பேங்க் லெட்டர படிச்சாங்க, பி5 ரிப்போர்ட்ட படிச்சாங்க, திரும்ப லெட்டர். அப்புறம் பேனாவால ஒரு இடத்துல தட்டிக் காட்டினாங்க. லெட்டர்ல இருந்த சேசிஸ் நம்பர்ல (காடி உடம்புல அடிச்சிருக்கிற அடையாள எண்) பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் ‘ஓ’. பதினேழு எழுத்துல ஒண்ணு. “பேங்க்ல மாத்திட்டு வாங்க அடிக் (தம்பி)”னாங்க. தப்பு அவங்க மேல இல்ல, அவங்க வேலைய அவங்க சரியாத்தான் செஞ்சாங்க, எனக்குத்தான் காது அடைச்சுப் போச்சு.

அன்னிக்கே பேங்க் கிளைக்கு ஓடினேன். அங்க சொன்னாங்க இது ரிக்கவரி டிபார்ட்மென்ட், எங்களுக்கு சம்பந்தமில்ல, கேஎல்லுக்கு (கோலாலம்பூர்) போன் பண்ணுங்கன்னு. கேஎல்லுக்குப் போட்டா மியூசிக், மியூசிக், அப்புறம் “துங்கு செபெந்தார்” (கொஞ்சம் காத்திருங்க), அப்புறம் லைன் கட். மூணாம் நாள் ஒரு அம்மா எடுத்தாங்க, தமிழ் பேர்தான், ஆனா என்கிட்ட கடைசி வரைக்கும் இங்கிலீஷ். “சார், எங்க சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு, சிஸ்டம் தப்பா இருக்காது, ஜேபிஜேகிட்ட பேசுங்க.” அங்கதான் எனக்கு ஏறிடுச்சு. முந்தின நாள் ராத்திரி போமன்கிட்ட புலம்பும்போது அவன் ஒரு விஷயம் சொல்லியிருந்தான்: பதினேழு எழுத்து சேசிஸ் நம்பர்ல ஐ, ஓ, க்யூ இந்த மூணு எழுத்தும் வரவே வராது, ஒண்ணு, பூஜ்யம் இந்த எண்களோட குழம்பக்கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்காங்கன்னு. நான் அதையே அப்படியே அந்த அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், மொத தடவையா தமிழ்ல, “மெயில் பண்ணுங்க சார்”னாங்க. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை வெள்ளி வேணாலும் கொடுத்திருப்பேன்.

மெயில் பண்ணேன், கூடவே பி5 ரிப்போர்ட்டு, சேசிஸ் நம்பர் அடிச்ச இடத்தோட போட்டோ. நாலு நாள் கழிச்சு திருத்தின லெட்டர் ஸ்கேன் பண்ணி வந்துச்சு. பிரிண்ட் எடுத்து ஓடினா, ஒரிஜினல்தான் வேணும், கையெழுத்தும் சாப்பும் (முத்திரை) மையில இருக்கணுமாம். இதையும் நான் முதல்லயே கேட்டிருக்கணும். திரும்ப போன், திரும்ப மியூசிக், கூரியர், நடுவுல ஒரு பொது விடுமுறை. மொத்தம் பதினொரு நாள். அந்த பதினொரு நாளும் இன்சூரன்ஸ் ஓடிக்கிட்டே இருக்கு, காடி மட்டும் ஓடல, நான் மச்சானோட மோட்டோ பின்னாடி மழையில நனைஞ்சுக்கிட்டு பாலம் தாண்டி வேலைக்குப் போறேன். ஒரு நாள் அவரே கேட்டுட்டாரு, “மலிவு காடி என்னாச்சு?”

கடைசியா போன புதன்கிழமை, அதே கவுண்டர், அதே கக். என்ன பாத்ததும் சிரிச்சிட்டாங்க. கட்டைவிரல், 100 வெள்ளி, ரோட் டேக்ஸ் 70 வெள்ளி, இருபது நிமிஷத்துல முடிஞ்சுச்சு. ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர் எங்கன்னு மனைவி கேட்டா, 2023ல இருந்து போன்லயே இருந்தா போதும்னு மைஜேபிஜே ஆப்ப காட்டினேன். நம்பல. கண்ணாடியில எதாவது ஒட்டினாத்தான் காடின்னு தோணுதாம்.

செலவு கேக்குறவங்களுக்கு: காடி 24,000, லெலோங் அட்மின் 350, டோ மூணு தடவைக்கு 550, டிண்ட் 80, பேட்டரி 230, ரெண்டாவது சாவி செஞ்சு ப்ரோக்ராம் பண்ண 480, டயர் 720, பேர் மாத்த, ரோட் டேக்ஸ் 170. இன்சூரன்ஸ் தவிர 26,580 வெள்ளி. பம்பர் விரிசல் அப்படியே கிடக்கு. கடையில எடுத்திருந்தா கொடுக்கிறதோட பாத்தா 7,000 கிட்ட மிச்சம், போன் கார்டும் லீவும் ரத்தக் கொதிப்பும் கணக்குல இல்ல. லெட்டர் கையில வந்ததும் காடிக்கிட்ட போய் நின்னு பதினேழு எழுத்தையும் விரல் வெச்சு ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாருங்க. அவ்வளவுதான் நான் சொல்றது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. வியாழக்கிழமை காலையில சந்தோஷத்துல பாலத்து டோல்ல ஆர்எஃப்ஐடி லேன்ல (காடியில ஒட்டின ஸ்டிக்கர படிச்சு காசு தானா கழியிற லேன்) நுழைஞ்சிட்டேன், நுழைஞ்ச பிறகுதான் ஞாபகம் வருது நான் இன்னும் அந்த ஸ்டிக்கரே ஒட்டலன்னு. பின்னாடி லோரி, திரும்ப முடியாது. பாத்தா தடுப்பு ஜம்முன்னு தூக்கிடுச்சு. ஹெட்லைட்ல பழைய ஓனரோட ஸ்டிக்கர் இருந்திருக்கு. காடிய இழந்த மனுஷன் கணக்குல இருந்து எனக்கு 5 வெள்ளி 74 காசு டோல் போயிடுச்சு. அன்னிக்கு சாயந்தரமே ஸ்டிக்கர உரிச்சிட்டேன், ஆனா அவர எங்க போய்த் தேடுறது. மனைவி 10 வெள்ளிய மடிச்சு டேஷ்போர்டு முருகர் காலடியில வெச்சிருக்கா. வெள்ளிக்கிழமை கோயில் உண்டியல்ல போடணுமாம்.