புறாவால் விழுந்த அரியர்

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.ஏ. ஆங்கிலம், சிறுகதை பேப்பர்: போன முறை 31, இந்த முறை 58. பெரிய மார்க் இல்லைதான். ஆனாலும் இதே பேப்பரில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருக்கிறது.

இரண்டு தடவையும் கேள்வி ஹெமிங்வேயின் 'ஓல்டு மேன் அட் தி பிரிட்ஜ்' என்ற சிறுகதை பற்றித்தான். போரில் ஊரையும் வளர்த்த பிராணிகளையும் விட்டுவந்து பாலத்தருகே உட்கார்ந்துவிட்ட ஒரு கிழவரிடம் ஒரு சிப்பாய் பேசுவதுதான் கதை. போரும் இழப்பும் அதில் எப்படிக் குறியீடாகின்றன, 15 மார்க். முதல் தடவை நான் கதையையே படிக்கவில்லை (இரண்டே பக்கக் கதை, வெட்கமாக இருக்கிறது). ஜெராக்ஸ் கடையில் வாங்கிய தமிழ்ச் சுருக்கத்தை நம்பி ஆடு என்றால் அப்பாவித்தனம், புறா என்றால் சமாதானம், பாலம் என்றால் வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே என்று அகராதி மாதிரி அடுக்கிவிட்டு வந்தேன்.

அந்தச் சுருக்கத்தில் முதலிலிருந்து கடைசி வரை புறா, புறாதான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கிழவர் தான் விட்டுவந்த நாலு ஜோடியைச் சொல்லும்போது 'பிஜன்' என்கிறார். சிப்பாய் கொஞ்சம் கழித்து 'டவ்' கூண்டைத் திறந்துவிட்டீர்களா என்று கேட்கிறான் (சமாதானப் புறாவுக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான்). கிழவருக்கு அது தீனி போட்டு வளர்த்த பறவை, அவ்வளவுதான். சமாதானச் சின்னமாக மாறுவது சிப்பாயின் வாயில். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் இது எப்படிக் கண்ணில் படும்?

கிழவரைப் புரிய வைத்தது எங்கள் அப்பாயி. ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து கண் ஆபரேஷனுக்காகச் சேலம் கூட்டி வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் "ஆட்டுக்கு யாரு கண்ணு தழை ஒடிச்சுப் போடுவா" என்றே கேட்டுக்கொண்டு வந்தது, ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சான் கார்லோஸிலிருந்து 12 கிலோமீட்டர் நடந்து வந்து, ஊரே பாலம் கடக்கும்போது புழுதியில் உட்கார்ந்துவிட்ட அந்த 76 வயதுக்காரரும் இதையேதான் சொல்கிறார். ஊர் போனதை அவர் ஆடு, பூனை, புறா என்று எண்ணித்தான் சொல்ல முடிகிறது. இந்த முறை ஒன்றரைப் பக்கம் இதை மட்டும் எழுதினேன்.

மற்றபடி:

- பேனாவோடு படியுங்கள். ஒரே பொருளுக்குச் சொல் மாறும் இடத்தில் வட்டம்.
- கதையின் பின்னணி ஸ்பெயின் உள்நாட்டுப் போர், 1936–39. மூன்று வரி போதும்.
- கதை நடக்கும் ஈஸ்டர் ஞாயிறை விடாதீர்கள். மேகமூட்டத்தால் அன்று எதிரி விமானம் வரவில்லை, பூனை தன்னைப் பார்த்துக்கொள்ளும். கிழவரின் அதிர்ஷ்டமே அவ்வளவுதான் என்று கதை முடிகிறது. கடைசிப் பத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
- முந்தின நாள் ஒன்பதரைக்குத் தூங்கிவிட்டேன். விடிய விடியப் படித்தால்தான் ஏறும் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

நாடகப் பேப்பர் இன்னும் பாக்கி. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.