ஆங்கிலப் பத்தி ஏன் நிற்பதில்லை

மலேசியாவில் சுங்கை சிப்பூட் போன்ற தோட்டப்புற ஊர்களில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) ஆங்கிலத்துக்குப் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளில் இலக்கணப் பிழையைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருக்கும், பத்தி மட்டும் நிற்காது. வாக்கியங்களை இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்ற நிலையில் அவை கிடக்கும்.

இது சின்ன விஷயமில்லை. 2021 முதல் நடப்பில் உள்ள எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள், பகுதிக்கு 20 புள்ளி. உள்ளடக்கம், சொல்லும் விதம், அமைப்பு, மொழி என்று தலா 5. அமைப்புக்கும் மொழிக்கும் ஒரே எடை. ஆனால் வீட்டிலும் டியூஷனிலும் முழு நேரமும் மொழிக்கே போய்விடுகிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பால்மரம் வெட்டுவதை, அதாவது பாலுக்காக ரப்பர் மரப் பட்டையைக் கீறுவதைப் பற்றி ஒரு பத்தி. பிள்ளை ஆங்கிலத்தில் எழுதுவதன் சாரம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

எங்கள் ஊரில் பால்மரங்கள் உண்டு. தொழிலாளர்கள் விடியுமுன்னே வேலைக்குப் போவார்கள். கோலகங்சாரில் 1877இல் ரப்பர் நட்டார்கள். மழை பெய்தால் வெட்ட முடியாது. வெயில் ஏறினால் பால் குறையும். இப்போது பல இடங்களில் செம்பனை வந்துவிட்டது.

ஆறும் உண்மை. ஆனால் ஆறும் ஒரே பத்திக்கு உரியவை அல்ல. பத்தியில் ஒரு வாக்கியம் இருக்க, அது உண்மையாக இருந்தால் போதாது. அந்தப் பத்தி எந்தக் கேள்விக்குப் பதிலோ, அதற்கு அந்த வாக்கியமும் பதில் சொல்ல வேண்டும். பத்தியின் ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. எழுதத் தொடங்கும் முன் கேள்வியை ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். இங்கே கேள்வி: ஏன் விடியுமுன் வெட்டுகிறார்கள்? இப்போது கோலகங்சார் வெளியே போகிறது, செம்பனையும் போகிறது. மழையைப் பற்றிய வாக்கியத்தை விடப் பிள்ளைகளுக்கு மனம் வராது, ஏனென்றால் அதுவும் வெட்டு சம்பந்தப்பட்டதுதான். ஆனாலும் அது வேறு கேள்வியின் பதில். வேறு பத்தியில் வைக்கலாம்.

அடுத்து டாபிக் சென்டன்ஸ். முதல் வாக்கியமே பத்தியின் பொருளைக் காட்டிவிட வேண்டும் என்பதை ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் 1866லேயே விதியாக எழுதினார். காரணங்களை அடுக்கிக் கடைசியில் விஷயத்துக்கு வருவது நம் பேச்சில் இயல்பு. அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதினால், திருத்துபவர் நான்கு வாக்கியம் வரை எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் படிப்பார். ‘எங்கள் ஊரில் பால்மரங்கள் உண்டு’ என்பது டாபிக் சென்டன்ஸ் ஆகாது. அதைப் படித்தவருக்கு ஏன், எப்படி என்று கேட்கத் தோன்றாது. இதைப் பாருங்கள்: ‘டேப்பர்ஸ் ஸ்டார்ட் பிஃபோர் டான் பிகாஸ் லேட்டெக்ஸ் ஃப்ளோஸ் பெஸ்ட் இன் த கூல் ஹவர்ஸ்.’ பன்னிரண்டே சொல். யார், என்ன செய்கிறார்கள், ஏன் என்ற மூன்றும் உள்ளே வந்துவிட்டன. குளிர்ந்த நேரத்தில் ஏன் நன்றாக ஓடும் என்ற அடுத்த கேள்வியையும் அதுவே எழுப்புகிறது. பத்தி அதற்குப் பதில் சொன்னால் போதும்.

இனி முக்கியமான இடம். வாக்கியங்கள் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன? முந்தைய வாக்கியம் கடைசியில் வைத்துவிட்டுப் போன செய்தியை அடுத்த வாக்கியம் முதலில் எடுக்க வேண்டும். தெரிந்தது முன்னே, புதியது பின்னே. மேலே உள்ள வாக்கியத்துக்குப் பிறகு இப்படி வரலாம்:

இரவில் மரத்தில் நீர் நிறைந்து, பால் குழாய்களில் அழுத்தம் கூடுகிறது. இந்த அழுத்தம்தான் வெட்டிய கோட்டின் வழியே பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்குகிறது. அதன் பிறகு வெட்டிய மரத்தில், மங்குக் கிண்ணத்தில் சேரும் பால் குறைவாகவே இருக்கும்.

‘அழுத்தம்’ எங்கெங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். முதல் வாக்கியத்தில் பின்னே வந்து, இரண்டாவதில் முன்னே நிற்கிறது, மூன்றாவதில் மறுபடி வருகிறது. ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ எதுவும் இல்லாமலே பத்தி ஓடுகிறது.

ஆங்கிலத்தில் எழுதும்போது இங்கே ஒரு சிக்கல் வரும். தமிழில் பாலை முன்னே கொண்டுவர வேண்டுமானால் ‘பாலைத் தொழிலாளர்கள் பத்து மணிக்கு மேல் சேகரிப்பார்கள்’ என்று எழுதிவிடலாம், வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் செய்பவர் முன்னே, செயப்படுபொருள் பின்னே என்ற வரிசையைக் குலைக்க முடியாது. அதற்குத்தான் பேசிவ் (செயப்பாட்டு வினை) இருக்கிறது. ‘த லேட்டெக்ஸ் இஸ் கலெக்டட் ஆஃப்டர் டென்’ என்றால் பால் முன்னே வந்துவிடும். பேசிவே எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஏற்புடையதில்லை. காரணமில்லாமல் எழுதினால்தான் குறை. முந்தைய வாக்கியத்தோடு இணைப்பதற்கு எழுதினால், அது சரியான கருவி.

‘இட்’, ‘தே’, ‘திஸ்’ மூன்றும் அதிகமாகத் தவறும் இடங்கள். தமிழில் எழுவாயை விட்டுவிட்டே பல வாக்கியங்கள் பேசலாம், வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அது இல்லை. முந்தைய வாக்கியத்தில் கங்காணிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து வந்திருந்தால், அடுத்து வரும் ‘தே’ யாரைச் சொல்கிறது? சந்தேகம் வரும் இடத்தில் பெயரையே மறுபடி எழுதட்டும். ‘திஸ்’ எழுதினால் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை ஒட்டச் சொல்லுங்கள்: ‘திஸ் பிரெஷர்’, ‘திஸ் டிலே’. இந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். அதேபோல ‘லேட்டெக்ஸ்’ என்று தொடங்கியதை அழகுக்காக அடுத்த வரியில் ‘ஒயிட் லிக்விட்’ என்று மாற்ற வேண்டாம். வேறு பொருளைப் பேசுவதாகப் படிப்பவர் நினைப்பார். காலமும் அப்படித்தான். நிகழ்காலத்தில் தொடங்கிய விளக்கம் காரணமில்லாமல் இறந்தகாலத்துக்குத் தாவக்கூடாது.

இணைப்புச் சொற்களுக்கு வருவோம். மலாய்க் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியையும் ‘செலாயின் இத்து’ என்று தொடங்கிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் ‘பிசைட்ஸ் தட்’ என்று தொடங்கும். முடிவில் ‘இன் எ நட்ஷெல்’ வரும். இணைப்புச் சொல் உறவை உண்டாக்காது, இருக்கிற உறவைப் பெயர் சொல்லிக் காட்டும், அவ்வளவுதான். சோதிப்பது சுலபம். அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் படிக்க வேண்டும். பொருள் அப்படியே இருந்தால் அது தேவையில்லை. பொருள் திசைமாறினால் இருக்கட்டும். ‘ஹவ்எவர்’, ‘பிகாஸ்’, ‘ஆஸ் எ ரிசல்ட்’ போன்றவை பெரும்பாலும் தேவைப்பட்டே நிற்கும், ‘மோர்ஓவர்’ பெரும்பாலும் விழுந்துவிடும். ஐந்து வாக்கியப் பத்திக்கு ஒன்றோ இரண்டோ தாராளம். ‘தேர்ஃபோர்’ எழுதியிருந்தால், முந்தைய வாக்கியம் உண்மையிலேயே காரணம்தானா என்று பார்த்தாக வேண்டும். காரணமில்லாத ‘தேர்ஃபோர்’, ஒன்றுமே எழுதாததைவிட மோசம்.

அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். தாளுக்கு ஒன்றரை மணி நேரம். முதல் பகுதி சுமார் 80 சொல், இரண்டாவது 125 முதல் 150, மூன்றாவது 200 முதல் 250. இரண்டாவதில் மூன்று குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு வாக்கியம் போனால், ஒரு குறிப்புக்குக் கிடைப்பது சுமார் 40 சொல். டாபிக் சென்டன்ஸுக்கு 12 போக மீதியில் இரண்டு வாக்கியம், குறுக்கி எழுதினால் மூன்று. அவ்வளவு சின்ன இடத்தில், சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பத்தியை முடிக்க இடமில்லை. கடைசிக் காரணமோ விளைவோ சொன்னதும் பத்தி நிற்கட்டும்.

வீட்டில் பயிற்சி கொடுக்க ஒரு வழி உண்டு, ஆங்கிலம் அதிகம் தெரியாத பெற்றோரும் நடத்தலாம். பிள்ளை எழுதிய பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித் தாளில் எழுதச் சொல்லி, கலைத்து, அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையிடம் கொடுங்கள். அது பழைய வரிசையிலேயே அடுக்கினால் பத்தி பிடிப்போடு இருக்கிறது. ஏதாவது இரண்டு தாளை எப்படி வைத்தாலும் பொருந்துகிறது என்று சொன்னால், அந்த இரண்டை மட்டும் எடுத்து, பின்னதன் தொடக்கத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்திலும் பொருந்தாமல் ஒரு தாள் கையில் மிஞ்சினால், அது வேறு பத்திக்கு உரிய வாக்கியம்.